பத்து டாலர் தலை

2015, ஜூன் மாதத்தின் கடைசி வாரம். அப்போது நீங்கள் சென்னையிலோ, மதுரையிலோ, கோவையிலோ இருந்திருந்தால் அந்தக் காட்சியை மறந்திருக்க மாட்டீர்கள். ஜூலை 1 முதல் டூ வீலரில் போகிறவர்கள் ஹெல்மெட் போட்டே ஆகவேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவ்வளவுதான்... கடைகளில் தீபாவளிக் கூட்டம்! நேற்று வரை பிளாட்பாரத்தில் பெல்ட்டும் கூலிங் கிளாஸும் விற்றுக்கொண்டிருந்தவர்கள், ராத்திரியோடு ராத்திரியாக ஹெல்மெட் வியாபாரிகளாக மாறியிருந்தார்கள். போன வாரம் சொன்ன விலை இந்த வாரம் இல்லை. பனங்காய்க் குலை மாதிரி கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டு, ரோட்டோரத்தில் ஒருவர் கூவிக்கொண்டிருந்தார்:

"வாங்க சார், முந்நூறு ரூபாதான்... போலீஸ் பிடிக்காது, அதுக்கு நான் கேரண்டி!"

அந்த கேரண்டியைக் கொஞ்சம் கவனியுங்கள். 'தலை உடையாது, கேரண்டி' என்று அவர் சொல்லவில்லை. அதை நாமும் கேட்கவில்லை. அவர் விற்றது போலீஸிடமிருந்து பாதுகாப்பு. நாம் வாங்கியதும் அதைத்தான்!

ஹெல்மெட் ஒரு விசித்திரமான சரக்கு. மாம்பழம் என்றால் முகர்ந்து பார்க்கலாம். சட்டை என்றால் போட்டுப் பார்க்கலாம். பைக்கையே கூட 'ஒரு ரவுண்டு போயிட்டு வரேன்' என்று ஓட்டிப் பார்த்து வாங்கலாம். ஹெல்மெட்டை எப்படிச் சோதிப்பது? சுவரில் முட்டியா? அது நல்லதா, மோசமா என்பது உங்களுக்குத் தெரியப்போவது வாழ்க்கையில் ஒரே ஒரு நொடி. அந்த நொடி வராமல் இருக்கத்தான் எல்லோரும் கும்பிடுகிறோம்.

அப்படியானால், சோதிக்கவே முடியாத ஒரு பொருளுக்கு முந்நூறு ரூபாயும் கேட்கலாம், முப்பதாயிரமும் கேட்கலாம். இரண்டையும் கொடுக்க ஆள் இருக்கிறது. இந்த வியாபாரம் எப்படி வளர்ந்தது என்பது ஒரு நூற்றாண்டுக் கதை. அதில் டாக்டர்கள் உண்டு, சூப்பர் ஸ்டார்கள் உண்டு, விளம்பர வித்தகர்கள் உண்டு. நடுநடுவே சில மரணங்களும் உண்டு. வாருங்கள்... கொஞ்சம் பின்னோக்கிப் போவோம்.

*

முதலில் இங்கிலாந்து. லண்டனுக்குப் பக்கத்தில் ப்ரூக்லண்ட்ஸ் என்றொரு பந்தய மைதானம். எரிக் கார்ட்னர் என்ற டாக்டர் அங்கே ஒரு விஷயத்தைக் கவனித்தார். ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒருமுறை யாராவது ஒரு மோட்டார் சைக்கிள் வீரர் தலையில் அடிபட்டு வந்து சேர்ந்துகொண்டிருந்தார். லண்டனின் பெத்னல் கிரீன் பகுதியில் தொழில் செய்துவந்த மாஸ் என்பவரைப் பிடித்து, கான்வாஸ் துணியை அரக்குப் பூசி இறுக்கிக் கெட்டியாக ஒரு தொப்பி செய்யச் சொன்னார் டாக்டர்.

பந்தயம் நடத்துகிறவர்கள் முதலில் முகம் சுளித்தார்கள். அப்புறம் மனசு மாறி, 1914ல் ஐல் ஆஃப் மேன் தீவில் நடந்த புகழ்பெற்ற டி.டி. பந்தயத்தில் 'இது இல்லாமல் யாரும் ஓட்டக்கூடாது' என்று விதியே போட்டுவிட்டார்கள். இதில் ஒரு வேடிக்கை சொல்வார்கள். பந்தயம் முடிந்ததும் அந்தத் தீவின் மருத்துவ அதிகாரி கார்ட்னருக்குக் கடிதம் எழுதினாராம். வழக்கமாகப் பந்தய சீசனில் மூளை அதிர்ந்துபோன 'சுவாரஸ்யமான கேஸ்கள்' நாலைந்தாவது தனக்குக் கிடைக்குமென்றும், இந்த வருஷம் ஒன்றுகூட வரவில்லையென்றும்!

ஆனால் அது பந்தய வீரர்களோடு நின்றுவிட்டது. சாலையில் போகிற சாதாரண ஆளுக்கு எதற்கு ஹெல்மெட் என்றே எல்லோரும் நினைத்தார்கள், 1935ஆம் வருஷம் மே 13ஆம் தேதி வரை.

'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' படம் பார்த்தவர்களுக்கு அந்தத் தேதி தெரியாவிட்டாலும் காட்சி தெரிந்திருக்கும். 1962ல் வந்த அந்தப் படம் ஆரம்பிப்பதே ஒரு மோட்டார் சைக்கிள் விபத்தில்தான். அரேபியப் பாலைவனத்தில் துருக்கியரின் ரயில்களைத் தகர்த்து, பெரும் போரில் தப்பிப் பிழைத்து வந்த டி. இ. லாரன்ஸ், ஊர் திரும்பி அமைதியாக வாழ்ந்துகொண்டிருந்தபோது டார்செட் கிராமப்புறச் சாலை ஒன்றில் தன் பிரஃப் சுப்பீரியர் பைக்கில் போனார். எதிரே சைக்கிளில் இரண்டு பையன்கள். அவர்கள்மேல் மோதாமல் இருக்க வண்டியை ஒடித்தார், தூக்கி எறியப்பட்டார். தலையில் பலத்த அடி. ஆறு நாள் நினைவே திரும்பாமல் இருந்து மே 19 அன்று இறந்தார். வயது 46.

அவரைக் காப்பாற்ற அழைக்கப்பட்ட டாக்டர்களில் ஒருவர் ஹ்யூ கெய்ர்ன்ஸ். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த இளம் மூளை அறுவை நிபுணர். அந்த மரணம் அவரை விடவில்லை. யுத்தம் வந்தது. ராணுவத்தில் தபால் கொண்டுபோகும் மோட்டார் சைக்கிள் வீரர்கள் எதிரியின் குண்டுக்குத் தப்பி, உள்ளூர்ச் சாலையில் விழுந்து செத்துக்கொண்டிருந்தார்கள். கெய்ர்ன்ஸ் உட்கார்ந்து கணக்கெடுத்தார். யுத்தம் தொடங்கிய முதல் 21 மாதங்களில் பிரிட்டிஷ் சாலைகளில் இறந்த மோட்டார் சைக்கிள்காரர்களும் பின்னால் உட்கார்ந்து போனவர்களும் மொத்தம் 2,279 பேர். ஹெல்மெட்டோடு விழுந்தவர்களில் அவர் பார்வைக்கு வந்தது 7 பேர்தான். ஏழு பேருமே பிழைத்துக்கொண்டார்கள்! 1941ல் இதைக் கட்டுரையாக எழுதினார். அந்த வருஷமே பிரிட்டிஷ் ராணுவம் தன் மோட்டார் சைக்கிள் வீரர்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது.

இதுவரைக்கும் பாருங்கள்... கதையில் விலைச்சீட்டு என்ற ஒன்றே வரவில்லை. டாக்டர் சொன்னார், ராணுவம் கேட்டது. அவ்வளவுதான். விலைச்சீட்டு வருவது அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம்.

*

அங்கே போவதற்கு முன்னால் ஒரு சின்ன விஞ்ஞானப் பாடம். பயப்படாதீர்கள், கிரிக்கெட்டில்தான்.

வேகமாக வரும் பந்தை கேட்ச் பிடிக்கும்போது கையை விறைப்பாக நீட்டி வைத்திருந்தால் என்ன ஆகும்? உள்ளங்கை பழுத்துவிடும். அதனால்தான் பந்தோடு சேர்த்துக் கையைப் பின்னால் இழுக்கிறோம். பந்து நிற்பதற்கு எடுத்துக்கொள்ளும் தூரம் அதிகமானால் அடி குறையும். ஹெல்மெட்டின் மொத்த ரகசியமும் இவ்வளவுதான்.

பைக்கிலிருந்து விழுகிற தலை, சாலையை நோக்கி வருவது பெரும்பாலும் பைக்கின் வேகத்தில் அல்ல. அது எத்தனை உயரத்திலிருந்து விழுகிறதோ அந்த வேகத்தில். இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் தரையைத் தொடும்போது மணிக்கு சுமார் 22 கிலோமீட்டர். 'ப்பூ... இவ்வளவுதானா!' என்கிறீர்களா? அந்த வேகம் சில மில்லிமீட்டருக்குள் நின்றாக வேண்டும் என்றால் மண்டை ஓடு தாங்காது. அதையே இரண்டரை சென்டிமீட்டர் தூரத்துக்கு நிதானமாக நிறுத்த முடிந்தால்? இரண்டு மீட்டரை இரண்டரை சென்டிமீட்டரால் வகுத்துக்கொள்ளுங்கள்: 80. அதாவது புவியீர்ப்பைப் போல் சராசரியாக 80 மடங்கு விசை. கேட்க பயங்கரமாக இருந்தாலும், நொடியின் சிறு துணுக்கு நேரத்துக்கு மனிதத் தலை அதைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும்.

அந்த இரண்டரை சென்டிமீட்டரைக் கொடுப்பது எது? வெளியே பளபளக்கிற ஓடு அல்ல. உள்ளே, துணிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் வெள்ளைப் பொருள். நம்ம ஊர் கல்யாண மேடையில் பேர் எழுதி ஒட்டுகிறோமே, அந்த தெர்மாகோலின் கெட்டியான அண்ணன்! அடிபடும்போது அது நசுங்குகிறது. நசுங்கியே உங்கள் தலையை மெதுவாக நிறுத்துகிறது. ஒருமுறை நசுங்கினால் திரும்ப எழாது. அதனால்தான், ஒரு பெரிய விபத்தைப் பார்த்த ஹெல்மெட், வெளியே கீறல்கூட இல்லாமல் புத்தம் புதுசாகத் தெரிந்தாலும் தூக்கிப்போட வேண்டும் என்கிறார்கள்.

இப்படி 'நசுங்கிக் காப்பாற்றும் தொப்பி' என்ற யோசனைக்கு 1953ல் அமெரிக்காவில் பேட்டன்ட் வாங்கியவர்கள் லாம்பார்ட், ராத் என்ற இருவர். தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் விமானிகளின் தலையைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர் லாம்பார்ட். அதற்கு முன்பு வரை 'கெட்டியாக இருந்தால் போதும்' என்ற நினைப்புதான். விட்டுக்கொடுப்பதுதான் காப்பாற்றும் என்று கண்டுபிடித்தது அப்போதுதான்.

*

லாஸ் ஏஞ்சலீஸுக்குப் பக்கத்தில் பெல் என்றொரு சிறிய ஊர். அங்கே ஒரு கார் உதிரிபாகக் கடை. 1945ல் அதை வாங்கிய ராய் ரிக்டர், தானே கார்ப் பந்தயத்தில் ஓட்டியவர். கூட ஓட்டிய சிநேகிதர்களைப் பந்தயத்தில் பறிகொடுத்தவர். 1954ல் அந்தக் கடையிலிருந்து '500' என்ற பெயரில் ஃபைபர் கிளாஸ் ஹெல்மெட் ஒன்று வெளியே வந்தது. பெல் ஹெல்மெட் பிறந்த கதை இது.

நல்ல சரக்கு. ஆனால் மலிவானது அல்ல. பக்கத்துக் கடையில் இதே மாதிரி தோற்றத்தில் கொஞ்சக் காசுக்குத் தொப்பி கிடைக்கும்போது, இதை எப்படி விற்பது? 'எங்கள் ஹெல்மெட்டில் உள்ள நுரைப்பொருளின் அடர்த்தி இவ்வளவு' என்றா விளம்பரம் செய்ய முடியும்? யார் படிப்பார்கள்?

பெல் கம்பெனியின் விளம்பரம் ஒரே ஒரு வாக்கியத்தில் இதை முடித்துவிட்டது. 'உங்களுடையது பத்து டாலர் தலை என்றால், பத்து டாலர் ஹெல்மெட்டே வாங்கிக்கொள்ளுங்கள்!'

சாதாரண வரியா அது? ஹெல்மெட்டுக்கு விலை சொல்லவில்லை சார்... உங்கள் தலைக்கு விலை கேட்டார்கள்! கவுன்ட்டரில் நிற்கிற எந்த மனிதன் 'என் தலை பத்து டாலர்தான்' என்று ஒப்புக்கொள்வான்? அதுவும் பக்கத்தில் மனைவி நின்றுகொண்டிருந்தால்? விளம்பர உலகில் இன்றைக்கும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுகிற வாசகம். பத்துக்குப் பதில் ஐம்பது, ஐம்பதுக்குப் பதில் நூறு என்று தொகையை மட்டும் மாற்றிக்கொண்டு, உலகம் முழுக்க ஹெல்மெட் விற்கிறவர்கள் இந்த வரியைச் சொல்லிவருகிறார்கள். நம்ம ஊர்க் கடைக்காரர் 'தலையை விடவா சார் காசு பெரிசு?' என்று கேட்கிறாரே, அதுவும் இதன் தங்கச்சிதான்.

ரிக்டரைக் குற்றம் சொல்ல மாட்டேன். அன்றைக்கு மலிவுத் தொப்பிகளில் பலவும் உண்மையிலேயே தொப்பிகள்தான். அந்த வரியால் உயிர் பிழைத்தவர்கள் இருப்பார்கள். ஆனால் அந்த வரி இன்னொன்றையும் நம் மண்டைக்குள் போட்டுவிட்டது. 'விலை எவ்வளவோ, பாதுகாப்பு அவ்வளவு.' சோதித்துப் பார்க்க முடியாத பொருளுக்கு விலையே சர்டிஃபிகேட்!

*

விலை மட்டும் போதுமா? நம்பிக்கை கொடுக்க முத்திரையும் வேண்டுமே.

1956ல் கலிஃபோர்னியாவில் ஒரு கார்ப் பந்தயம். பீட் ஸ்நெல் என்ற வீரரின் வண்டி கவிழ்ந்தது. ஹெல்மெட் போட்டிருந்தார், ஆனாலும் அது காப்பாற்றவில்லை. இறந்துபோனார். அவருடைய நண்பர்கள் மறு வருஷமே அவர் பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள். ஜார்ஜ் ஸ்னைவ்லி என்ற டாக்டர் முன்னின்று ஹெல்மெட்டுகளை உயரத்திலிருந்து போட்டு, அடித்து, உடைத்துச் சோதிக்க ஆரம்பித்தார். தேறியவற்றுக்கு 'ஸ்நெல்' ஸ்டிக்கர். அந்த அறக்கட்டளை நடப்பதே கம்பெனிகள் கொடுக்கும் சோதனைக் கட்டணத்திலும் ஸ்டிக்கர் காசிலும்தான் என்பதையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்க அரசாங்கம் 1974ல் தன் பங்குக்கு ஒரு விதி கொண்டுவந்தது. அதற்கு அடையாளம் 'டி.ஓ.டி.' என்ற மூன்றெழுத்து ஸ்டிக்கர். இதில் ஒரு தமாஷ் என்னவென்றால், அரசாங்கம் எந்த ஹெல்மெட்டையும் முன்கூட்டியே சோதித்து அனுமதி கொடுக்காது. தயாரிப்பவரே 'விதிப்படிதான் செய்திருக்கிறேன்' என்று தானே ஒட்டிக்கொள்ள வேண்டும். அரசாங்கம் பின்னால் கடையிலிருந்து சிலவற்றை எடுத்துச் சோதிக்கும். விளைவு? சட்டத்தை ஏமாற்ற ஓடு மாதிரி மெல்லிய தொப்பிகளும், அதன்மேல் ஒட்டிக்கொள்ளத் தனியாக ஸ்டிக்கர்களும் விற்பனைக்கு வந்தன! அதற்காகவே 2013ல் ஸ்டிக்கரின் வாசகத்தை மாற்றவேண்டியிருந்தது. 'போலீஸ் பிடிக்காது' வியாபாரம் நம்ம ஊர்க் கண்டுபிடிப்பு அல்ல, பார்த்தீர்களா!

விலையும் முத்திரையும் ஆயிற்று. மூன்றாவதாக வந்தது முகம். அதைக் கற்றுக்கொடுத்தவர் ஓர் இத்தாலியர்.

வலென்சா என்ற ஊரில் ஜினோ அமிசானோ 1947ல் ஒரு பட்டறை ஆரம்பித்தார். அவர் முதலில் செய்தது என்ன தெரியுமா? முடிதிருத்தும் கடைகளுக்குத் தோல் நாற்காலியும், மோட்டார் சைக்கிள் சீட்டும்! பிறகுதான் ஹெல்மெட். தன் பெயரையும் ஊரையும் சேர்த்து 'ஏ.ஜி.வி.' என்று வைத்தார். சரக்கைவிட வியாபாரத்தில் மனிதர் கெட்டிக்காரர். பந்தயப் பாதையில் போட்டோகிராபர்கள் எந்த வளைவில் அதிகம் நின்று படமெடுக்கிறார்கள் என்று பார்த்து, 1958லேயே அங்கே தன் விளம்பரப் பலகையை நட்டார். மறுநாள் பேப்பரில் பைக் வருகிறதோ இல்லையோ, அவர் கம்பெனிப் பெயர் வரும்!

அடுத்து வீரர்களின் தலை. 15 முறை உலக சாம்பியனான ஜாகமோ அகஸ்டினி ஏ.ஜி.வி. போட்டார். பிற்பாடு 9 முறை சாம்பியனான வாலண்டினோ ரோஸியும் அதையே போட்டார். ரோஸியின் ஹெல்மெட்டுக்கென்றே ஓர் ஓவியர் இருந்தார், ஆல்டோ த்ரூடி. 2008ல் முஜெல்லோ பந்தயத்துக்கு ரோஸியின் ஹெல்மெட் உச்சியில் ரோஸியின் முகத்தையே வரைந்துவிட்டார். கண் பிதுங்கி, வாய் பிளந்து, பயத்தில் அலறுகிற முகம்! நேர்ச்சாலையின் முடிவில் பிரேக் பிடிக்கும்போது தன் முகம் அப்படித்தான் இருக்கும் என்றார் ரோஸி.

இம்மாதிரி ஓவியங்களோடு 'ரெப்ளிகா' ஹெல்மெட்டுகள் கடைக்கு வந்தன. அதே ஓடு, அதே நுரை, அதே பட்டை. கறுப்பு நிறத்தில் ஒரு விலை. சாம்பியனின் ஓவியம் இருந்தால் அதற்கு மேல் ஒரு விலை. வித்தியாசம், பெயின்ட்டும் பெயரும். வீரர்கள் ஹெல்மெட் போடக் காசு வாங்குகிறார்கள், ரசிகர்கள் அதையே போடக் காசு கொடுக்கிறார்கள்! தப்பு ஒன்றும் இல்லை. பிடித்த ஹீரோவின் படம் போட்ட பனியனுக்குக் கூடக் காசு கொடுக்கவில்லையா? ஆனால் பனியன் வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும்.

*

இப்படி விலை, முத்திரை, முகம் மூன்றும் சேர்ந்து அரை நூற்றாண்டு ஆண்டபோது, 2005ல் ஓர் அணுகுண்டு விழுந்தது. போட்டது 'மோட்டார் சைக்கிளிஸ்ட்' என்ற அமெரிக்கப் பத்திரிகை.

80 டாலருக்கும் குறைவானதில் தொடங்கிப் பல நூறு டாலர் வரை பதினாறு மாடல் ஹெல்மெட்டுகளை வாங்கினார்கள். உள்ளே செயற்கைத் தலையும் அளவுகோலும் வைத்து, தார்ச்சாலை மாதிரியான தரையில் உயரத்திலிருந்து போட்டுப் பார்த்தார்கள். எந்த ஹெல்மெட், தலைக்கு மிகக் குறைவான அதிர்ச்சியைக் கடத்துகிறது? முதலிடம் யாருக்குத் தெரியுமா? இருப்பதிலேயே மலிவான வரிசையில் இருந்த, 80 டாலரைத் தொடாத ஒரு ஹெல்மெட்டுக்கு!

எப்படி? ஸ்நெல் முத்திரை வாங்க ஹெல்மெட் ஒரே இடத்தில் இரண்டு பலத்த அடி தாங்க வேண்டும். இரண்டாவது அடிக்கும் மிச்சம் இருக்க வேண்டுமானால் நுரை விறைப்பாக இருக்க வேண்டும். விறைப்பான நுரை சாதாரண விபத்தில் லேசில் நசுங்காது. கேட்ச் பிடிக்கும்போது கையை விறைப்பாக வைத்த கதை! பத்திரிகை சொன்னது இதைத்தான். அறக்கட்டளை சும்மா இருக்கவில்லை. 'பெரிய விபத்துக்கு அந்த விறைப்புதான் காப்பு' என்று வாதாடியது. இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. சண்டை வருஷக்கணக்கில் நீண்டு, கடைசியில் 2010ஆம் ஆண்டு விதியில் ஸ்நெல் தன் சோதனை முறையையே மாற்றிக்கொண்டது.

பிரிட்டிஷ் அரசாங்கம் இன்னும் ஒரு படி மேலே போனது. 2007ல் 'ஷார்ப்' என்ற திட்டம் கொண்டுவந்து, கடையில் விற்கிற ஹெல்மெட்டுகளைத் தானே வாங்கிச் சோதித்து, ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம் வரை கொடுத்து ஊரறியச் சொல்ல ஆரம்பித்தது. அங்கேயும் அதே கதை. விலை உயர்ந்த சிலவற்றுக்கு நட்சத்திரம் குறைந்தது, நடுத்தரக் குடும்பம் வாங்கக்கூடிய சிலவற்றுக்கு ஐந்தும் கிடைத்தது.

அப்படியானால் முப்பதாயிரம் ரூபாய் ஹெல்மெட் மோசடியா? இல்லவே இல்லை. எடை குறைவு, காற்றோட்டம், சத்தம் குறைவு, கையால் அடுக்கிச் செய்த ஓடு, பனி படியாத கண்ணாடி... எல்லாமே உண்மை. நாள் முழுக்க ஓட்டுகிறவருக்குக் கழுத்து வலி மிச்சம். காசு இருப்பவர் தாராளமாக வாங்கலாம். ஆனால் விலை நூறு மடங்கு என்பதால் பாதுகாப்பு நூறு மடங்கு என்று மட்டும் நினைக்க வேண்டாம். ஒரு மட்டத்துக்கு மேலே நீங்கள் வாங்குவது சௌகரியம்.

ஒரு மட்டத்துக்குக் கீழே? அங்கேதான் நம்ம கதை வருகிறது.

*

பிரிட்டனில் ஹெல்மெட் கட்டாயமானது 1973, ஜூன் 1. தமிழ்நாட்டில் முதலில் பெரிய பரபரப்போடு அமலுக்கு வந்தது 2007, ஜூன் 1. இந்தியாவில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத டூ வீலர் ஹெல்மெட்டைத் தயாரிக்கவோ விற்கவோ கூடாது என்று ஆனது 2021, ஜூன் 1. மூன்றும் ஜூன் ஒன்றாக அமைந்தது தற்செயல்தான். ஆனால் கடைசி இரண்டு தேதிகளுக்கும் நடுவே பதினான்கு வருஷம்! 'போடு' என்று சொன்னதற்கும் 'போடத் தகுந்ததை மட்டும் விற்று வை' என்று சொன்னதற்கும் நடுவே அத்தனை இடைவெளி. அந்தப் பதினான்கு வருஷம்தான் பிளாட்பார ஹெல்மெட்டின் பொற்காலம்.

அந்த முந்நூறு ரூபாய்ச் சரக்கை ஒருமுறை பிரித்துப் பாருங்கள். வெளியே மெல்லிய பிளாஸ்டிக். உள்ளே மெத்துமெத்தென்று ஸ்பாஞ்சு, துணி. நசுங்கிக் காப்பாற்ற வேண்டிய அந்த வெள்ளை நுரை பெயருக்கு ஒரு பட்டை, சிலதில் அதுவும் இல்லை. ஸ்பாஞ்சு விரலுக்கே நசுங்கிவிடும், தலைக்கு எங்கே மிச்சம் வைக்கும்? மலிவு என்பதல்ல அதன் குற்றம். அது ஹெல்மெட்டே அல்ல என்பதுதான் குற்றம்.

இன்றும் அது ஒழிந்துவிடவில்லை. 2025 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை ஒரு செய்தி வெளியிட்டது. டெல்லியில் மட்டும் லைசென்ஸ் காலாவதியான அல்லது ரத்தான 9 தயாரிப்பாளர்களிடமிருந்து 2,500க்கும் மேற்பட்ட ஹெல்மெட்டுகள் பறிமுதல். முத்திரையையே போலியாக அச்சடிக்கிறவர்களும் உண்டு.

இந்த எண்ணையும் பாருங்கள். மத்திய அரசின் கணக்குப்படி 2022ல் ஹெல்மெட் போடாமல் விபத்தில் இறந்தவர்கள் 50,029 பேர். ஒரே வருஷத்தில்! போட்டிருந்தால் எல்லோரும் பிழைத்திருப்பார்களா? மாட்டார்கள். உலகளவில் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு மதிப்பீடு, ஹெல்மெட் உயிரிழப்பைச் சுமார் 42 சதவிகிதமும், தலைக்காயத்தைச் சுமார் 69 சதவிகிதமும் குறைக்கிறது என்கிறது. 50,029ல் 42 சதவிகிதம் எவ்வளவு என்று நீங்களே போட்டுப் பாருங்கள். ஒரு சின்ன ஊரே வருகிறது.

அவர்கள் யார்? கொத்தனார் வேலைக்குப் போனவர், பிள்ளையை ஸ்கூலில் விட்டுவிட்டுத் திரும்பியவர், சாப்பாட்டுப் பொட்டலத்தோடு பறந்த பையன்... 'பத்து டாலர் தலை' என்று அந்த விளம்பரம் கிண்டல் செய்ததே, கைக்காசு குறைவாக இருந்தவர்களின் தலைகள். அந்த வாக்கியம் அவர்களைப் பார்த்துக் கேட்ட கேள்வி நியாயமே இல்லாதது. 'உன் தலை என்ன விலை?' என்று வாங்குகிறவரைக் கேட்பதற்கு முன்னால், 'நீ விற்கும் மலிவான ஹெல்மெட் நேர்மையானதா?' என்று விற்கிறவரைக் கேட்டிருக்க வேண்டும். மலிவாகவும் நேர்மையாகவும் ஒரு ஹெல்மெட் செய்ய முடியும் என்பதை அந்த 80 டாலர்ச் சோதனை காட்டிவிட்டது. நம்ம ஊரிலும் ஆயிரம் ரூபாயை ஒட்டியே ஐ.எஸ்.ஐ. ஹெல்மெட் கிடைக்கிறது. அதை உண்மையாக வைத்திருப்பதுதான் அரசாங்கத்தின் வேலை.

நம் வேலை? மூன்றே மூன்று. ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு லைசென்ஸ் எண் இருக்கிறதா என்று பார்ப்பது. அந்த எண் நிஜமா என்று 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம், இரண்டு நிமிஷ வேலை. இரண்டாவது, அளவு. தலையை ஆட்டினால் ஹெல்மெட்டும் கூடவே ஆட வேண்டும், தனியாக ஆடக்கூடாது. மூன்றாவது, தாடைப் பட்டையை மாட்டுவது. பட்டை மாட்டாத ஹெல்மெட் விழும்போது உங்களுக்கு முன்னால் அது ஓடிப்போய்விடும்! புது வண்டி வாங்கும்போது ஹெல்மெட்டும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதியே இருக்கிறது. அடுத்தமுறை ஷோரூமில் மறக்காமல் கேளுங்கள்.

'தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு' என்று நம் பாட்டிகள் சொல்வார்கள். லாம்பார்டும் ராத்தும் பேட்டன்ட் வாங்குவதற்கு எத்தனையோ காலம் முன்பே, ஹெல்மெட்டின் தத்துவத்தை அத்தனை சுருக்கமாகச் சொன்னவர்கள் வேறு யாரும் இல்லை. உங்களுக்குப் பதிலாகத் தான் போகத் தயாராக இருக்கும் தலைப்பாகைதான் நல்ல தலைப்பாகை. அதன்மேல் யார் முகம் இருந்தால் என்ன?

நாளைக் காலை வண்டியை எடுப்பதற்கு முன்னால், பெட்ரோல் டேங்க்கின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கிறதே உங்கள் ஹெல்மெட், அதை ஒருமுறை திருப்பி உள்ளே பாருங்கள். துணியை லேசாக விலக்குங்கள். அந்த வெள்ளை நுரை இருக்கிறதா?